கிளட்சில் கிரீஸ் பூசலாமா, கூடாதா?

கேட்டதை முதலில் ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியும். கோத்தகிரியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 2012 ஆல்டோ, கேபிள் கிளட்ச். மூன்று வாரத்துக்கு முன் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிதாகப் போட்டீர்கள். இப்போது மேட்டில் நிறுத்தி முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறுகிறது. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினால், "முன்னாடி வேலை பார்த்தவர் ஷாஃப்டில் கிரீஸ் பூசியிருக்கிறார், கிளட்சில் கிரீஸே ஆகாது" என்கிறார். முதலாமவரைக் கேட்டால், "பூசாமல் போட்டால் ஆறு மாதத்தில் கிளட்ச் கட் ஆகாது, அப்புறம் என்னிடம்தான் வருவீர்கள்" என்கிறார். எந்த கிரீஸ் நல்லது, வீல் பேரிங்குக்கு வாங்கிய டின் வீட்டில் இருக்கிறது, அதையே பூசலாமா என்பது எழுத்தில் இருக்கும் கேள்வி. இரண்டு பேரில் யாரை நம்பி மறுபடியும் கியர் பாக்ஸை இறக்குவது என்பதுதான் மனதில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி சரி. கிரீஸ் பூசத்தான் வேண்டும். ஆனால் பூசினது கண்ணுக்குத் தெரியக் கூடாது. எந்த பிராண்ட் என்பது அதற்கு அப்புறம்தான்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு 1997-இல் குன்னூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தவன், பிறகு சொந்தமாக வைத்துக்கொண்டேன். சின்ன பெட்ரோல் கார்கள், ஜீப்புகள், தேயிலை ஏற்றும் இலை வண்டிகள், காய்கறி ஏற்றும் பிக்கப்புகள், இவைதான் என் கையில் அதிகம் வந்தவை. லாரி, பஸ் கிளட்ச் வேறு கதை, அதில் நான் பேச மாட்டேன். தானாக கியர் மாற்றும் ஏஎம்டி வண்டிகளில் கிளட்ச் மாற்றியிருக்கிறேன், அதன் ஆக்சுவேட்டரைக் கழற்றுகிற அளவுக்குப் போனதில்லை. கீழே சொல்வதெல்லாம் காலால் மிதிக்கிற சாதாரண ஒற்றைப் பிளேட் கிளட்சுக்கு.

கிரீஸ் எதற்கு என்பதில் தெளிவு வந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரத்துக்கும், அதன் மேல் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கும் வட்டத் தகடுதான் கிளட்ச் பிளேட். அதன் இரண்டு முகத்திலும் இருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஒரு ஹப் இருக்கும். அதன் உள்பக்கம் பற்கள் வெட்டியிருக்கும். கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டு வரும் இன்புட் ஷாஃப்டின் மேலும் அதே மாதிரிப் பற்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கும். இதைத்தான் ஸ்ப்ளைன் என்கிறோம். பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் வந்து பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற ஸ்பிரிங் நுனிகளை அழுத்தும், பிரஷர் பிளேட் விலகும். விலகினால் மட்டும் போதாது, நடுவில் இருக்கும் பிளேட்டும் ஃபிளைவீலை விட்டு ஷாஃப்டின் மேல் சறுக்கி நகர வேண்டும். அது நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தத் துளி நகர்வு நடக்காவிட்டால் பிளேட் ஃபிளைவீலை உரசிக்கொண்டே சுற்றும். ரிவர்ஸ் போட்டால் கர்ர்ரென்று சத்தம் வரும், முதல் கியர் விழாது. இதைத்தான் கிளட்ச் கட் ஆகவில்லை என்பது. ஸ்ப்ளைனில் பூசும் கிரீஸ் அந்த ஒரு நகர்வுக்காகத்தான். பற்கள் சக்தியைக் கடத்துவதற்கு கிரீஸ் தேவையில்லை.

இன்னொரு வேலையும் அது செய்கிறது. எஞ்சின் சுற்றும்போது சீராகச் சுற்றுவதில்லை, ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்புக்கும் ஒரு துள்ளல் உண்டு. அந்தத் துள்ளலில் ஹப்பின் பல்லும் ஷாஃப்டின் பல்லும் நுணுக்கமாக உரசிக்கொண்டே இருக்கும். இரும்பும் இரும்பும் அப்படி உரசினால் நுண்ணிய தூள் உதிர்ந்து, காற்றுப் பட்டு, துரு ஆகும். பழைய கியர் பாக்ஸை இறக்கும்போது ஷாஃப்டைச் சுற்றிக் குங்குமம் கொட்டின மாதிரி செம்பழுப்புத் தூள் இருந்தால் அது இதுதான். இது எல்லா ஊரிலும் நடக்கும். நம் மலையில் ஈரம் சேர்ந்துகொள்கிறது. கேத்தி பள்ளத்தாக்கில் கேரட்டைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஏற்றிக்கொண்டு வரும் பிக்கப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகளில் பிளேட் பாதிகூடத் தேயாமல் இருக்க, ஸ்ப்ளைன் துருவேறிப் பிளேட் ஷாஃப்டோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவத்தில் வாரக்கணக்கில் நிறுத்திவைத்த ஜீப்புகளிலும் இதே கதை. ஆகவே உங்கள் முதல் மெக்கானிக் பூசாமல் போட்டால் கட் ஆகாது என்று சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆறு மாதம் என்று அவர் கெடு வைத்ததுதான் கொஞ்சம் அதிகம். பிளெய்ன்ஸில் ஓடும் வண்டி வறண்ட ஸ்ப்ளைனோடு பல வருடம் ஓடிவிடும்.

சரி, அதிகமாகப் பூசினால் என்ன? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷாஃப்டின் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு துளி கிரீஸ் ஒட்டியிருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அந்தத் துளியை வெளியே இழுக்கும் விசை அதன் எடையைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. பர்லியார் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் 5,000 வரை விரட்டினால் 280 மடங்கு. பல்லுக்கு நடுவே மெல்லிய படலமாக இருக்கும் கிரீஸ் இந்த இழுப்பைத் தாங்கும், இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே அது சிக்கிக்கொண்டிருக்கிறது. ஹப்பின் விளிம்பில் வளையம் மாதிரி திரண்டு நிற்கும் கிரீஸுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. அது தெறிக்கும். தெறித்தால் நேரே போய் விழுவது பிளேட்டின் லைனிங் மேல்தான், வேறு போக்கிடம் கிடையாது. லைனிங் உலர்ந்திருந்தால்தான் பிடிக்கும். எண்ணெய்ப் பசை பட்ட இடம் வழுக்கும், படாத இடம் பிடிக்கும். ஒரே பிளேட்டில் இரண்டும் மாறி மாறி நடப்பதைத்தான் நீங்கள் உதறல் என்கிறீர்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சேர்ந்த இரண்டாவது வருடம், ஊட்டி மேட்டுப்பாளையம் சவாரி ஓடும் ஒரு டாக்சிக்கு முதன்முதலாகத் தனியாக கிளட்ச் போட்டேன். ஷாஃப்ட் வழவழவென்று இருக்கட்டும் என்று ஆள்காட்டி விரலால் வழித்து வழித்துப் பூசினேன். பதினோராம் நாள் வண்டி ஸ்லிப் அடித்து பர்லியாருக்கு மேலே நின்றுவிட்டது, பயணிகள் பஸ் ஏறிப் போனார்கள். கயிறு கட்டி இழுத்து வந்து திறந்ததும் மேஸ்திரி அண்ணன் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா, மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசற மாதிரியில்ல பூசி வெச்சிருக்க" என்றார். நடுவிலிருந்து வெளிநோக்கிக் கதிர் கதிராகக் கறுப்புக் கோடுகள். புது பிளேட்டின் காசு என் சம்பளத்தில் நான்கு மாதம் பிடித்தார்கள். அன்றைக்குப் பார்த்த அந்தக் கோடுகள் இன்றும் உதவுகின்றன. உங்கள் வண்டியைத் திறக்கும்போதும் அதைத்தான் தேட வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எந்த கிரீஸ் என்பதற்கு வருவோம். கடையில் கிடைப்பதில் கிளட்ச் பக்கமே கொண்டுபோகக் கூடாதது மஞ்சள் சேஸிஸ் கிரீஸ், அதாவது சுண்ணாம்புச் சோப்பில் செய்த சாதா கால்சியம் கிரீஸ் (கிரீஸில் எண்ணெயைக் கெட்டியாக்கச் சேர்ப்பதைத்தான் சோப்பு என்கிறோம்). தண்ணீரை நன்றாகத் தாங்கும், அதனால் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் அவற்றைத் தாங்கும் ஷாக்கிள் பின்னுக்கும் நல்லது. ஆனால் 90, 100 டிகிரியிலேயே உருகிச் சொட்ட ஆரம்பிக்கும். நம் ரோட்டில் கிளட்ச் கூண்டுக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அடர்த்தியில்தான் அங்கே காற்று. டர்போ இல்லாத சின்ன எஞ்சினுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இழுவை குறையும். நாம் என்ன செய்கிறோம், ஆக்சிலேட்டரைக் கூடக் கொடுத்து அரை கிளட்சில் ஏற்றுகிறோம். கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நின்றால் பிரேக் பிடிக்காமல் கிளட்சிலேயே வண்டியைத் தாங்குபவர்களும் உண்டு. ஃபிளைவீலின் முகம் அப்போது 200 டிகிரியைத் தாண்டும். ஹப் அவ்வளவு சூடாகாது என்றாலும் பக்கத்து வீடுதானே.

லித்தியம் கிரீஸ் உருகுவது 180, 190 டிகிரியில். லித்தியம் காம்ப்ளெக்ஸ் என்று டப்பாவில் போட்டிருந்தால் 250-க்கு மேல். இந்த எண்ணைப் பார்த்து அதுவரை தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது சொட்டும் சூடு. நிம்மதியாக வேலை செய்யும் சூடு அதைவிட நன்றாகவே கீழே. உங்கள் டின்னில் இருப்பது நல்ல வீல் பேரிங் கிரீஸ் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். டப்பாவில் என்எல்ஜிஐ என்று போட்டு ஓர் எண் இருக்கும், அது கெட்டித்தன்மை. 2 என்பது வெண்ணெய்ப் பதம், 3 அதைவிட இறுகியது. பட்டறைகளில் ஏபி3 என்று கேட்டு வாங்குவது இந்த மூன்றாம் எண். ஸ்ப்ளைனுக்கு 2 தான் வசதி, பல்லின் இடுக்குக்குள் தானே படர்ந்துகொள்ளும். வீட்டு டின் லித்தியம் காம்ப்ளெக்ஸ், எண் 2 என்றால், கிளட்சுக்கென்று தனி கிரீஸ் கிடைக்காதபோது அதைத் துளி பூசுவதில் தப்பில்லை. நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் கம்பெனிக்காரர்கள் சேர்க்கும் சாயம். ஒரு கம்பெனியின் நீலமும் இன்னொன்றின் நீலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கிளட்ச் கிட் பெட்டிக்குள் சில சமயம் சின்ன பாக்கெட்டில் கிரீஸ் வரும். அது வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அதுதான். அந்த பாக்கெட்டே முழுசாகத் தேவைப்படாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாருதி சர்வீஸ் புத்தகத்தில் ரிலீஸ் பேரிங் பக்கத்துக்கு ஒரு கிரீஸ், இன்புட் ஷாஃப்ட் பல்லுக்கு வேறொரு கிரீஸ் என்று பிரித்துச் சொல்லியிருப்பார்கள். தயாரிப்பாளரே இரண்டு வேலையையும் இரண்டாகப் பார்க்கிறார் என்றால், ஒரே டின்னை எல்லா இடத்திலும் அப்புவது எவ்வளவு சரி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கருப்பு மாலி கிரீஸ் விஷயத்தில் மட்டும் எங்கள் தொழிலில் ஒருமித்த கருத்து இல்லை. மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற தூள் கலந்தது அது. அந்தத் தூள் ஏடு ஏடாக வழுக்கும் தன்மை கொண்டது, எண்ணெய் வற்றிப்போனாலும் பல்லின் மேல் ஒரு பூச்சாகத் தங்கும். உரசல் துருவைத் தடுக்க அதைவிட நல்லதில்லை என்று ஒரு கட்சி. திடத்தூள் எதுவும் இல்லாத கிரீஸ்தான் ஸ்ப்ளைனுக்கு வேண்டும், தூள் சேர்ந்து கெட்டிப்பட்டால் அதுவே பிளேட்டைப் பிடிக்கும் என்று சில ஐரோப்பிய கிளட்ச் தயாரிப்பாளர்கள் கட்சி. நான் நம் ஊர் ஈரத்தில் மாலி போட்டு நல்ல பலனைப் பார்த்தவன், அதனால் கொஞ்சம் மாலி பக்கம் சாய்வேன். ஆனால் கிட்டோடு வரும் தாள் வேண்டாம் என்று சொன்னால் தாளைத்தான் கேட்பேன். ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) மாற்றும்போது மிஞ்சும் கருப்பு கிரீஸும் பெரும்பாலும் இந்த வகைதான். காப்பர் கிரீஸ் பற்றி எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அது பிரேக் பேடின் முதுகுக்கும், சூட்டில் இறுகிக்கொள்ளும் போல்ட்டுக்கும் ஆனது. எண்ணெய் காய்ந்த பிறகு செம்புத் தூள் மிஞ்சி, பல்லிடுக்கில் சிமென்ட் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். சறுக்க வேண்டிய இடத்துக்கு அது ஆகாது.

சில புது பிளேட்டுகளின் ஹப்புக்குள் வெள்ளி மாதிரி மின்னும் நிக்கல் முலாம் இருக்கும். அந்த முலாமே துருவைத் தடுக்கத்தான். அப்படிப்பட்டதற்கு கிரீஸ் வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்வார், கேட்டுவிடுங்கள். உங்கள் இரண்டாவது மெக்கானிக் கிரீஸே ஆகாது என்று சொன்னது இந்த மாதிரி வண்டிகளில் வேலை பழகியதாலும் இருக்கலாம்.

பூசும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் பழைய கிரீஸை முழுவதும் எடுக்க வேண்டும். ஒரு வகை கிரீஸும் இன்னொரு வகையும் கலந்தால் சில ஜோடிகள் இளகித் தண்ணீராகிவிடும், முக்கியமாக லித்தியத்தோடு களிமண் வகை சேர்ந்தால். ஆகவே மேலேயே பூசும் பழக்கம் வேண்டாம். கம்பி பிரஷால் பல்லிடுக்கில் இருக்கும் செந்தூளைத் தேய்த்து எடுத்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் நம் பட்டறைகளில் துணி, நூல் பிரியாத துண்டாகப் பார்த்து எடுங்கள். பிறகு கிரீஸ் எதுவும் இல்லாமல் புது பிளேட்டை ஷாஃப்டில் ஏற்றிப் பாருங்கள். தானாகச் சறுக்கிப் போக வேண்டும். எங்கேயாவது தட்டினால் பல்லில் பிசிறு இருக்கிறது, அல்லது பிளேட்டே வேறு மாடலுக்கானது. கிரீஸ் போட்டு அதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

சறுக்கினால் சரி. ஓர் உளுத்தம்பருப்பு அளவு கிரீஸை பழைய டூத் பிரஷில் எடுத்து ஷாஃப்டின் பற்களில், பிளேட் உட்காரும் இடத்தில் மட்டும், இடுக்கு இடுக்காகத் தேயுங்கள். பிளேட்டை ஏற்றி முன்னும் பின்னும் ஏழெட்டு முறை நகர்த்துங்கள். கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி மறுபடி நகர்த்துங்கள். இப்போது பிளேட்டை எடுத்துப் பார்த்தால் ஹப்பின் இரண்டு முகத்திலும் மெல்லிய கிரீஸ் வளையம் சேர்ந்திருக்கும். அந்த வளையம்தான் எதிரி. இரண்டு பக்கமும் துடைத்து, ஷாஃப்டில் பல் முடிகிற இடத்திலும் துடைத்துவிடுங்கள். மிஞ்சுவது ஒரு மினுமினுப்பு மட்டும். அவ்வளவுதான் தேவை. பூசின கையோடு லைனிங்கைத் தொடாதீர்கள். கையைக் கழுவிவிட்டு, பிளேட்டை விளிம்பில் பிடித்து மாட்டுங்கள். புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் ஓர் எண்ணெய்ப் படலம் கொடுத்திருப்பார்கள். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு கிரீஸைக் குறை சொல்பவர்கள் நிறைய.

ஆல்டோவில் கிரீஸ் உண்மையிலேயே தாராளமாக வேண்டிய இடம் வேறு, அதை யாரும் கேட்பதில்லை. கிளட்ச் கேபிள் இழுக்கும் கை ஒரு குறுக்கு ஷாஃப்டில் மாட்டியிருக்கும். அந்த ஷாஃப்ட் கியர் பாக்ஸ் கூண்டின் உள்ளே போய், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். ஷாஃப்ட் கூண்டுக்குள் நுழைகிற இடத்தில் புஷ்ஷும் சீலும் உண்டு. ஒரு முனை வெளியே மழைக்கும் சேற்றுக்கும் நீட்டிக்கொண்டிருப்பதால் சீல் போனதும் தண்ணீர் உள்ளே இறங்கும், புஷ் துருவேறும், பெடல் கல்லு மாதிரி ஆகும். கிளட்ச் ஹார்டாக இருக்கிறது என்று வரும் பத்து வண்டியில் மூன்று நான்கில் பிளேட் நன்றாகவே இருக்கும், இந்தப் புஷ்தான் இறுகியிருக்கும். கிளட்ச் செட் மாற்ற கியர் பாக்ஸை இறக்கியிருக்கும்போதே இந்த ஷாஃப்டைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, தேய்ந்த புஷ்ஷையும் சீலையும் மாற்றி, லித்தியம் கிரீஸை நிறைத்து மாட்டுவது அரை மணி வேலை. அதற்கென்று தனியாக இறக்கினால் ஒரு நாள் கூலி. இங்கே பூசினது லைனிங்குக்குத் தெறிக்காது, இந்த ஷாஃப்ட் சுற்றுவதில்லை, சில டிகிரி திரும்புகிறது அவ்வளவுதான்.

ரிலீஸ் பேரிங்கின் ஹப் உலோகமாக இருந்தால் அதன் உள்பக்கம் ஒரு காடி இருக்கும். அதில் கிரீஸை நிரப்பி, அது சறுக்கும் குழாயின் மேல் லேசாகத் தடவுங்கள். குறுக்கு ஷாஃப்டின் கை பேரிங்கைத் தொடும் இரண்டு இடத்திலும் ஒரு பொட்டு. ஹப் பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் அது உலர்வாகவே ஓடும்படி செய்தது, கிரீஸ் வைத்தால் லைனிங்கிலிருந்து வரும் தூளெல்லாம் அதில் ஒட்டி அரைக்கும். பேரிங்கை பெட்ரோலில் போட்டுக் கழுவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது உள்ளேயே கிரீஸ் அடைத்து மூடி வருவது, கழுவினால் அந்த கிரீஸ் கரைந்துபோய் ஒரே மாதத்தில் கத்தும். ஹைட்ராலிக் கிளட்ச் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் பாகம்) ரப்பர் பக்கம் சாதா கிரீஸ் எதுவும் போகக் கூடாது. பிரேக் ஆயிலுக்கான ரப்பர் மினரல் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதற்கென்று சிவப்பு ரப்பர் கிரீஸ் தனியாக உண்டு.

இனி உங்கள் உதறலுக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல், திறக்காமல், கிரீஸ்தான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. உங்கள் இரண்டாவது மெக்கானிக்கும் சொல்லியிருக்கக் கூடாது. முதலில் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் முதல் இரண்டு மூன்று முறை மட்டும் உதறி, கடைவீதி போய்ச் சேருவதற்குள் சரியாகிவிடுகிறதா? அப்படியானால் அது இரவுப் பனியில் ஃபிளைவீல் முகத்தில் படியும் ஈரமும் மெல்லிய துருவும். மலை வண்டிகளில் இது சகஜம், பயப்பட வேண்டாம். சூடேறச் சூடேற அதிகமாகிறது, வேகமாகப் போகும்போதுகூட எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாமல் நிற்கிறது என்றால் லைனிங்கில் பசை பட்டிருக்கச் சாத்தியம் அதிகம். சாத்தியம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் திட்டுகள் இருந்தாலும் சூட்டில் உதறும். எஞ்சின் மவுன்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் எடுக்கும்போது உதறும். மாட்டும்போது கியர் பாக்ஸின் எடையை ஷாஃப்டில் தொங்கவிட்டால் பிளேட் கோணிக்கொள்ளும், அதுவும் உதறும். மவுன்ட்டை முதலில் பாருங்கள், கியர் பாக்ஸை இறக்காமலே பார்க்கலாம், செலவும் இல்லை.

இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பிளேட்டைத் துடைக்கும் முன் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன கதிர்க் கோடுகள் ஹப்பிலிருந்து புறப்பட்டு வெளியே போயிருந்தால் கிரீஸ் அதிகமானது உறுதி, முதலாமவர்தான் பொறுப்பு. ஃபிளைவீலின் பின்பக்கமும் கூண்டின் அடியும் நனைந்து கருப்பாக இருந்தால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் கசிகிறது, அது எஞ்சின் ஆயில். பிரஷர் பிளேட் விரல்கள் பக்கமும் ஷாஃப்டைச் சுற்றியும் நனைந்து, மோந்து பார்த்தால் கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. இந்த இரண்டில் எது என்றாலும் முதலாமவர் பூசின கிரீஸின் மேல் பழி இல்லை. சீலைப் பார்க்காமல் மூடினார் என்பது மட்டும் அவர் தப்பு.

பசை பட்ட லைனிங்கை பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டு மறுபடி மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லைனிங் நுண்துளை நிறைந்தது, எண்ணெயை உள்ளே குடித்துக்கொள்ளும். மேலே கழுவினாலும் ஒரு ஏற்றம் ஏறிச் சூடானதும் உள்ளே இருப்பது கசிந்து வெளியே வரும். பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். பிரஷர் பிளேட் முகமும் ஃபிளைவீலும் உலோகம், அவற்றைத் துடைத்து, வழவழப்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ரிலீஸ் பேரிங் மூன்று வாரப் புதுசுதானே, அதுவே போதும். ஆகவே இரண்டாம் முறை முழு செட்டுக்கும் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மாட்டும்போது பிளேட்டை நடுவில் நிறுத்த அலைனர் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை அதற்கென்றே வைத்திருப்பார்கள், அதுவும் சரிதான். கண் மதிப்பில் மாட்டி, ஷாஃப்டைக் குத்திக் குத்தி ஏற்றினால் நீங்கள் பொறுமையாகப் பூசின கிரீஸெல்லாம் பல்லின் முனையில் வழிக்கப்பட்டு ஹப்பின் வெளியே வந்து நிற்கும்.

கேபிளுக்கு உள்ளே கிரீஸ் விடலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் உறை இருக்கும் கேபிளில் கிரீஸ் தூசியைச் சேர்த்துக் கெட்டியாக்கும். இறுகினால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. வீட்டில் இருக்கும் டின் வீணாகுமே என்றால் கதவுக் கீல்களுக்கும் பானட் கொக்கிக்கும் தாராளமாகப் பூசுங்கள். கோத்தகிரி மழைக்கு அவைதான் முதலில் கிறீச்சிடும்.